கட்ட முடியும் சரி... உடம்பு தாங்குமா? விபரீத ரோலர் கோஸ்டர்களின் கணக்கு

நின்ற இடத்திலிருந்து 1.56 விநாடியில் மணிக்கு 180 கி.மீ. வேகம்! ஜப்பானின் ஃபுஜி-க்யூ ஹைலேண்ட் பூங்காவில் ஓடிய 'டோ-டோடோன்பா' ரோலர் கோஸ்டரின் பெருமை இதுதான். கழுத்து, முதுகு எலும்பு முறிந்ததாகப் பயணிகள் அடுத்தடுத்து புகார் சொல்ல, 2021 ஆகஸ்ட்டில் அது நிறுத்தப்பட்டது. 2024-ல் நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவிப்பும் வந்துவிட்டது.

இத்தனைக்கும் ரயில் தடம் புரளவில்லை, தண்டவாளமும் உடையவில்லை. புது டிசைன் வந்தாலே 'இதையெல்லாம் கட்ட முடியுமா?' என்றுதான் பலரும் வாயைப் பிளக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, 'உடம்பு தாங்குமா?' என்பதைத்தான்.

வட்டத்தில் என்ன சிக்கல்?

1895-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 'ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே' வந்தது. தலைகீழாகச் சுற்றும் அதன் லூப், முழு வட்டம். உச்சியில் பெட்டி கீழே விழாமல் சுற்றிவர நல்ல வேகம் வேண்டும். அதே வேகத்தில் வட்டத்துக்குள் நுழையும்போது, உடல் எடையைப் போல சுமார் 6 மடங்கு அழுத்தம் ஒரே அடியாக விழும். ஃப்ளிப் ஃப்ளாப்பில் இது 12 மடங்கு வரை போனதாக மதிப்பிடப்படுகிறது. கழுத்து என்னாகும்?

விடை கிடைக்க 1976 ஆனது. கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் வந்த 'ரெவல்யூஷன்' கோஸ்டரில், ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் லூப்பைக் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு மாற்றினார். கீழே அகலமான வளைவு, மேலே குறுகலான வளைவு. அழுத்தம் சட்டென அடிக்காமல் படிப்படியாக ஏறும். த்ரில் அப்படியே இருந்தது, வலிதான் குறைந்தது.

மரத்தில் லூப்

பாதை மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒஹாயோவின் கிங்ஸ் ஐலண்டில் 2000-ல் திறக்கப்பட்ட 'சன் ஆஃப் பீஸ்ட்', லூப் வைத்த பிரமாண்ட மர கோஸ்டர். 2006-ல் தாங்கும் மரச்சட்டம் சேதமாகி, தடத்தில் பள்ளம் விழுந்தது. ரயில் அதில் குலுங்கியதில் 27 பேர் காயமடைந்தனர். பிறகு லூப்பையே கழற்றினார்கள். 2009-க்குப் பிறகு அது ஓடவே இல்லை.

எனவே புதுமையே வேண்டாம் என்று சொல்ல முடியாது, ரெவல்யூஷனும் புதுமைதான். ஆனால் பூங்கா விளம்பரங்களில் பளிச்சென்று இருப்பது உயரமும் வேகமும் மட்டும்தான். உடல்மீது அதிகபட்சம் எத்தனை மடங்கு அழுத்தம் விழும், எத்தனை விநாடி நீடிக்கும் என்பதையும் வரிசையில் நிற்பவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். ஏறலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்குத் தேவைப்படும் எண்கள் அவைதான்.