தோட்டத்துக்குள் ஒரு தொடர்வண்டி

லாத்தாவின் கட்டளையோடுதான் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினேன்.

"தம்பி, நீ நாலு பேருக்கு ஓதிக் கொடுக்கிறவன். நீ சொன்னால் கேட்பான். முப்பது வயதில் பொம்மை ரயிலை வைத்துக்கொண்டு திரிகிறானாம். நல்ல புத்தி சொல்லிவிட்டு வா" என்றார்கள். லாத்தாவின் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. லெஸ்டர் நகரில் அவர்களுடைய மகன் வீட்டில் இரண்டு வாரம் தங்குவதாக ஏற்பாடு. வீண்விரயம் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியவற்றை விமானத்திலேயே மனத்துக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

மருமகன் முந்திக்கொண்டான். "மாமா, ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாங்க. முதலில் பாருங்க, அப்புறம் திட்டுங்க."

காரில் நாங்கள் நால்வர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓட்டினார். லாரி ஓட்டுநர் ஒருவர் முன்னே அமர்ந்திருந்தார். அவர் மடியிலும் மருமகன் மடியிலும் ஆளுக்கொரு மரப்பெட்டி. பெட்டிக்குள் இன்ஜின். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களிடையே ஒரு முறை இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் இருப்புப்பாதை அமைத்தவர் குறிப்பிட்ட நாளில் கதவைத் திறந்து வைக்கிறார். வருகிறவர்கள் தம் இன்ஜினைக் கொண்டுவந்து அதில் ஓட்டுகிறார்கள். பாதை ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது. மருமகனைப் போல் அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுக்கு வேறு வழியுமில்லை.

இவ்வழக்கம் அந்நாட்டில் பழையது. பீக்கன்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் பெக்கன்ஸ்காட் என்னும் சின்னஞ்சிறு மாதிரிக் கிராமம் உண்டு. ரோலண்ட் காலிங்காம் என்ற கணக்காளர் தம் தோட்டத்தில் அமைத்து, 1929-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது அது. அதனூடே நெடுந்தூரம் ரயில் ஓடுகிறது. கிடைக்கும் வருவாய் அறப்பணிகளுக்குச் செல்கிறது. "ஒன்று இந்த ரயில் வீட்டை விட்டுப் போகவேண்டும், இல்லையேல் நான் போவேன்" என்று அவருடைய மனைவி சொன்னதால்தான் ரயில் தோட்டத்துக்கு இறங்கியது என்றொரு கதை வழங்கிவருகிறது. காரில் ஆசிரியர் இதைச் சொன்னபோது நான் மருமகனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

முதல் தோட்டத்தில் மின்சார ரயில்கள். தண்டவாளங்களுக்கு இடைவெளி 45 மில்லிமீட்டர். மழையிலும் பனியிலும் கெடாத வகையில் இவற்றை 1968-இல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது ஜெர்மனியின் லேமன் நிறுவனம். எல்.ஜி.பி. என்பது அதன் பெயர். 2006-இல் அந்நிறுவனம் நொடித்துப்போக, மறு ஆண்டு மேர்க்லின் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. மீட்டர் கேஜ் பாதையை இருபத்திரண்டரை மடங்கு சுருக்கினால் ஏறத்தாழ இந்த 45 மில்லிமீட்டர் வருமாம். மீட்டர் கேஜ் என்று கேட்டதும் எனக்கு மச்சானின் நினைவு வந்தது. திருநெல்வேலி–தென்காசி பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் லாத்தாவின் கணவர் அதில் கீமேனாக வேலை பார்த்தவர். தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாக வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நாள்தோறும் தண்டவாளத்தின் மேலேயே நடந்தவர். மருமகன் பள்ளிச் சிறுவனாயிருந்தபோதே மவுத்தாகிவிட்டார்.

மற்றபடி அந்தத் தோட்டம் என்னை அவ்வளவாகக் கவரவில்லை. பித்தளைத் தண்டவாளத்தில் களிம்பு ஏறினால் மின்சாரம் தடைப்படும். அதைத் தேய்த்துக்கொண்டிருப்பதிலேயே பாதி நேரம் கழிந்தது.

இரண்டாம் தோட்டம் அப்படியன்று. அங்கே ஓடுபவை மெய்யான நீராவி இன்ஜின்கள். தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். இவர்கள் ஓர் அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்குகிறார்கள். ஆகவே இரண்டடி அகலப் பாதை 32 ஆகிறது, ஆறடி மனிதன் 96 மில்லிமீட்டர் ஆகிறான். இரண்டடிப் பாதைகளின் மீது ஆங்கிலேயருக்குத் தனிப் பற்று. வேல்ஸ் மலைகளிலிருந்து பலகைக்கல் இறக்குவதற்குப் போட்ட ஃபெஸ்டினியாக் பாதை ஏறத்தாழ அந்த அகலந்தான், 1836-இல் தொடங்கியது. கைவிடப்படவிருந்த அத்தகைய சிறு ரயில்களைப் பொதுமக்களே ஊதியமின்றி நடத்தும் வழக்கம் 1951-இல் டலிலின் என்ற வேல்ஸ் பாதையில்தான் உலகில் முதன்முதலாகத் தோன்றியது.

மருமகன் பெட்டியைத் திறந்து, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளாலும் இன்ஜினை ஏந்தினான். நீல வண்ணம். டார்ஜிலிங் மலை ரயில் இன்ஜினின் மாதிரி. ஏற்கனவே ஒருவர் வைத்திருந்ததை வாங்கினானாம். புதிதாய் வாங்கினால் ஆயிரம் பவுண்டுகளைத் தாண்டும் பொருள் அது. எண்ணெய்க் கிண்ணத்தில் நிற்கும் பழைய நீரை வடித்துவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றினான். கொதிகலனில் நீர், சிறு தொட்டியில் பியூட்டேன் வாயு. தீக்குச்சி கிழித்ததும் 'புப்' என்று பற்றிக்கொண்டது. கொதிகலன் வறண்டுவிடக் கூடாதென்று, நீர் தீருமுன் வாயு தீரும் அளவில் தொட்டியை அமைத்திருக்கிறார்கள். சில நிமிடங்களில் சேஃப்டி வால்வு சீறியது. எட்டு வைத்தால் தாண்டிவிடக்கூடிய அந்த மலைச்சரிவில் இன்ஜின் மூச்சு வாங்கி ஏறியதை நான் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எத்தனை சுற்று நடந்தேன் என்று பிறகுதான் வெட்கத்தோடு எண்ணிப் பார்த்தேன்.

தோட்டத்துக்காரர் என்னிடம், "டார்ஜிலிங் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நான் போனதில்லை என்றேன். அவர் இருமுறை போய் வந்தவர்! 1889-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் செய்யப்பட்ட டார்ஜிலிங் இன்ஜின் ஒன்று அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, பின்னர் பிரிட்டனுக்கே திரும்பியது. அதை வாங்கியவர் சில்டர்ன் ரயில் நிறுவனத்தை நடத்திய ஆட்ரியன் ஷூட்டர். சுருக்கிய மாதிரியன்று, மெய்யான அந்த இன்ஜினையே ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டினாராம். 2022-இல் அவர் காலமானார்.

அங்கேயே லுஹர் தொழ ஓர் அறையைக் கொடுத்தார்கள். தொழுது முடித்தபோது, வீட்டின் சிறுமி தன் மரக்குதிரையைக் கொண்டுவந்து ரயில் நிலையத்தில் நிறுத்தினாள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்கிடையே துணியால் சிறகு கட்டிய குதிரையைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்த செய்தி நினைவுக்கு வந்தது. சிறுமியின் விளையாட்டுக்கு அது பொருந்தும். குடும்பஸ்தனின் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்துமா என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அடுத்த முறை மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து வா, இங்கே எல்லார் வீட்டிலும் பெண்கள் அமர்ந்து தேநீர் அருந்துகிறார்களே" என்றேன். சரியென்று தலையாட்டினான். வாக்குறுதியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது தோட்டத்துக்காரர் எண்பதைக் கடந்தவர், தனியாய் இருப்பவர். இளவயதில் போட்ட பாதையாதலால் தரையோடு தரையாகக் கிடந்தது. இப்போது போடுபவர்கள் பின்னாளை எண்ணி, கற்களை அடுக்கி இடுப்பளவு உயரத்தில் போடுகிறார்கள். பெரியவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போகிறார். இலையுதிர் காலத்தில் நண்பர்களே வந்து பாதையைப் பெயர்த்தெடுத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று நாற்காலியில் அமர்ந்தபடி அமைதியாகச் சொன்னார்.

லாரி ஓட்டுநரின் வண்டி ஓரிடத்தில் கவிழ்ந்தது. உறைபனியில் மண் பொங்கி, பின் இறங்கி, அங்கே பாதை பள்ளமாகிவிட்டிருந்தது. மருமகன் ஈரப் புல்லில் நெஞ்சு படப் படுத்தான். கன்னத்தைத் தண்டவாளத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, அதன் நேர்கோட்டை நெடுகப் பார்த்தான். ரசமட்டத்தை வைத்தான். கட்டைகளுக்கு அடியில் சரளையை விரலால் திணித்தான். மீண்டும் ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"இன்னும் சில மாதங்களில் பெயர்த்தெடுக்கப் போகும் பாதைதானே, ஏன் இந்தப் பாடு?" என்றேன்.

"இன்னும் மூணு வண்டி வரவேண்டியிருக்கு மாமா" என்றான், தலையைத் தூக்காமலே.

மச்சான் அப்படித்தான் குனிவார். அதே ஒற்றைக் கண். தகப்பன் வேலை செய்ததைக் கண்ட ஞாபகம் இவனுக்கு எவ்வளவு இருக்கிறதோ, நான் கேட்கவில்லை. பெரியவர் மட்டும் நாற்காலியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு லாத்தா தொலைபேசியில் அழைத்தார்கள். "சொல்லிவிட்டாயா?" என்றார்கள். அவன் புல்லில் படுத்துத் தண்டவாளம் பார்த்ததைச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடியதையும் சொன்னேன். வெகுநேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"சட்டையெல்லாம் சேறாகியிருக்குமே" என்றார்கள். பிறகு, "அந்த இன்ஜின் எவ்வளவாம்?"

அதை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.