பழைய எடையில் பாதி போதும்

ப்ளஸ் டூ முடித்த கையோடு ஜிம்மில் சேர்ந்து, ஒரு வருடம் தவறாமல் போன ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அரியர், ப்ராஜெக்ட், இன்டர்வியூ என்று இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. ஒரு நாள் பழைய சட்டையில் பட்டன் போட முடியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜிம்மில் நிற்கிறார். பெஞ்சில் படுத்து, கடைசியாக வந்த நாளில் தூக்கிய அதே 60 கிலோவை ராடில் மாட்டுகிறார். எப்படியோ தூக்கியும் விடுகிறார். அடுத்த நாள் தலை வார கை மேலே போகவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் ஆளையே காணோம். கட்டிய வருடச் சந்தா மட்டும் ஜிம்மில் பத்திரமாக இருக்கிறது!

இதைப் பார்ப்பவர்கள் "அவனுக்கு வில் பவர் இல்லை" என்பார்கள். அது தப்பு. வில் பவர் இல்லாதவர் காலை ஆறு மணிக்கு வந்திருக்கவே மாட்டார். அவர் சறுக்கியது திட்டத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில். இன்றைய உடம்புக்கு வேண்டிய திட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய உடம்புக்கான திட்டத்தை எடுத்துக்கொண்டார்.

உடம்புக்கு ஞாபகம் உண்டா?

உண்டு. அதுதான் சிக்கலே. 2010-ல் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு விஷயம் கண்டறிந்தார்கள். தசை நார் பெருக்கும்போது அதில் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. பிறகு உழைப்பு நின்று தசை மெலிந்தாலும், அந்த உட்கருக்கள் பல வாரங்கள் கழித்தும் அப்படியே இருந்தன. மனிதர்களிலும் இதே போலத்தான் என்பது இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை. ஆனால் விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்குப் புதியவரை விட வேகமாகப் பலம் வருவது ஜிம்களில் சாதாரணமாகப் பார்க்கிற விஷயம்.

தசை வேகமாகத் திரும்பும். ஆனால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அவ்வளவு வேகமாகத் தயாராகாது. கை "முடியும்" என்கிறது, முழங்கையும் தோள்பட்டையும் "இன்னும் இல்லை" என்கின்றன. பழகிய ஆசாமி கையின் பேச்சை மட்டும் கேட்கிறார். ஒரு விதத்தில் முழுப் புதியவரே மேல். அவருக்குப் பழைய எடை என்று ஒன்று கிடையாது, பயந்து பயந்து தூக்குவார்.

வலி மட்டும் என்றால் பரவாயில்லை. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் அளவுக்கு மீறி வாட்டினால் தசை சிதைந்து, அதிலிருக்கும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆபத்தும் உண்டு. ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அடிக்கடி வருவது இல்லை. ஆனால் கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அது "செம வொர்க்அவுட்" அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம்.

படுக்கையிலிருந்து எழுந்தவர்களின் திட்டம்

எடையைப் படிப்படியாக ஏற்றும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டு வந்தவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, எடை தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனைக்கு, மாவுக்கட்டு பிரித்து, தொடை மெலிந்து போன வீரர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களை எடை தூக்க வைத்து, 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

முதலில் ஒரு பயிற்சியை 70 முதல் 100 தடவை வரை செய்யச் சொன்னார். பிறகு 1948-ல் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து, அத்தனை வேண்டாம், 20 முதல் 30 தடவை போதும் என்று குறைத்தார். முறை ரொம்ப எளிது. ஒருவர் பத்து தடவை மட்டுமே தூக்கக்கூடிய எடை எது என்று பார்க்க வேண்டும். முதல் செட் அதில் பாதி, இரண்டாவது செட் முக்கால், மூன்றாவது செட் முழுசு. ஒவ்வொன்றும் பத்து தடவை. முழு எடை எது என்று அவ்வப்போது திரும்பவும் பார்க்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வீரர்கள் அடிபடும் முன் எவ்வளவு தூக்கினார்கள் என்பது கணக்கிலேயே வரவில்லை. இன்றைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பல ஜிம்களில் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று சனிக்கிழமை வரை போகும். யார் வந்தாலும் மாஸ்டர் அதைத்தான் காட்டுவார். வருடக்கணக்கில் பழகியவருக்கு அது சரி. திரும்பி வருகிறவருக்குச் சரிவராது. இன்டர்னல் டெஸ்ட் என்று புதன்கிழமை போகாவிட்டால், தோளுக்கு அடுத்த புதன்தான். அதற்கு மாறாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி என்றால், ஒரு நாள் தவறினாலும் எல்லாத் தசைக்கும் இரண்டு முறை வேலை கிடைத்துவிடும். 2020-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் தசைப் பயிற்சிக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் என்றுதான் சொல்கிறது.

புத்தகத்தில் உள்ள திட்டங்களும் இப்படித்தான். 2005-ல் வெளிவந்த மார்க் ரிப்பெட்டோவின் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' வாரம் மூன்று நாள், ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் போன்ற சில பயிற்சிகள், அவ்வளவுதான். ஸ்குவாட் என்றால் பயப்பட வேண்டாம், பஸ்கிதான், தோளில் ராடு இருக்கும். ஐந்து தடவை கனமாகத் தூக்கப் பயமாக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொஞ்சம் லேசாகச் செய்யலாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-ல் புதியவர்களுக்குச் சொன்னது அந்த எண்ணிக்கைதான். எடையை ஏற்றும்போது 2 முதல் 10 சதவீதம் வரை ஏற்றலாம் என்றும் சொன்னது.

அந்தச் சதவீதம் முக்கியம். 30 கிலோவில் இருப்பவர் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் மாட்டினால் ஏறுவது 2.5 கிலோ, சுமார் 8 சதவீதம். அந்தக் குட்டி பிளேட் இல்லாத ஜிம்மில் பக்கத்துக்கு 2.5 மாட்டினால் 5 கிலோ, கிட்டத்தட்ட 17 சதவீதம்! திட்டம் நன்றாக இருந்தும் பலர் நடுவில் திணறுவது இங்கேதான். ஆக, சேரும் முன் ஜிம்மில் ஏ.சி. இருக்கிறதா என்று பார்ப்பதை விட 1.25 கிலோ பிளேட் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

இனி நம் 60 கிலோ நண்பர். அவர் பாதியில், 30 கிலோவில் தொடங்கட்டும். 60-ஐத் தொட 12 முறை ஏற்ற வேண்டும். பெஞ்ச் பிரஸ் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறி வந்தாலும் எட்டு வாரம். இடையில் இரண்டு வாரம் பரீட்சை என்றால் பத்து. கௌரவத்தை ஓரமாக வைத்தால் ஒரு செமஸ்டருக்குள் பழைய இடம் வந்துவிடும். வைக்காதவர் ஐந்தாம் நாள் வீட்டில் இருப்பார்.

"போரடிக்குமே" என்பதுதான் பெரும்பாலும் வரும் எதிர்ப்பு. உண்மைதான், போரடிக்கும். முதல் இரண்டு வாரம் "இது ஒரு பயிற்சியா" என்று கூடத் தோன்றும். பக்கத்தில் பதினெட்டு வயசுப் பையன் இரண்டு மடங்கு தூக்குவான். ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதி வந்தால், மூன்றாவது வாரம் அந்த நோட்டைப் புரட்டுவதே சுவாரசியமாகிவிடும். போட்டி பக்கத்து பெஞ்சோடு அல்ல, போன வியாழக்கிழமையோடு.

முதல் நாள் எவ்வளவு தூக்கினார் என்று ஆறு மாதம் கழித்து யாரும் கேட்கப்போவதில்லை. இன்னும் வருகிறாரா என்பதுதான் கேள்வி.

டிஸ்கி: ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சமீபத்திய அறுவை சிகிச்சை, மூட்டில் பழைய அடி இருப்பவர்கள் மாஸ்டரைக் கேட்கும் முன் டாக்டரைக் கேட்கவும்.