நலமான நாளிலும் மருந்து

“அல்லாஹ் ஷிஃபா அளித்துவிட்டான், இனியும் எதற்கு மாத்திரை?” பெருங்குடல் புண் நோயால் அவதியுற்றுத் தேறியவர் பலரும் இவ்வாறு வினவுகின்றனர். ஈமானின் மொழியில் எழும் இவ்வினாவிற்கு மார்க்கமும் மருத்துவமும் ஒரே விடையையே தருகின்றன.

முதலில் நோயை அறிவோம். இது இரைப்பையில் தோன்றும் அல்சர் அன்று. மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்சவ்வு அழற்சியுற்றுப் புண்ணாகும் நோய். இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல், வயிற்று வலி, அடிக்கடி எழும் அவசரம் ஆகியவை இதன் அடையாளங்கள். மூலம் என்றெண்ணிக் காலம் கடத்துவோரும், வெட்கத்தால் மறைத்து வைக்கும் சகோதரிகளும் நம்மிடையே உண்டு. மலத்தில் இரத்தம் கண்டால் மருத்துவரிடம் சொல்வதில் வெட்கமில்லை.

இந்நோய் மருந்தால் அடங்கும், அடியோடு அகலுவதில்லை. இரத்தப்போக்கு நின்ற பின்னும் நீறு பூத்த நெருப்பாக உள்ளே இருக்கும்.

சுவீடன் நாட்டு மருத்துவப் பெண்மணி நன்னா சுவார்ட்ஸ், மூட்டு வாதத்தை நாடி உருவாக்கிய சல்ஃபாசலசின் என்ற மருந்தே 1940களில் இந்நோய்க்கும் பயன்படத் தொடங்கியது. அம்மருந்தில் குடலைக் காக்கும் கூறு எது என்பதை 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்ந்து வெளிப்படுத்திய மூவருள் ஒருவர், வங்கதேசத்தின் ஆசாத் கான் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. அக்கூறே இன்று மெசலமைன் என்ற பெயரில் மாத்திரையாகக் கிடைக்கிறது. வாயால் விழுங்கினாலும் இது பெருங்குடலை அடைந்து அதன் சுவரிலேயே வேலை செய்கிறது. வழியில் கரைந்துவிடாதிருக்கவே மேற்பூச்சு இடப்பட்டுள்ளது. ஆகவே இம்மாத்திரையை உடைத்தோ, பொடித்தோ, மென்றோ உண்ணலாகாது.

நோய் அடங்கிய நிலையிலிருந்தவர்களைக் கவனித்து அமெரிக்காவில் 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, தவறாது மருந்துண்டவர்களுள் நூற்றுக்கு 89 பேர் நலமாக நீடித்ததாகவும், தவறியவர்களுள் 39 பேரே நீடித்ததாகவும் கூறுகிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் திர்மிதியில் காண்கிறோம். அன்றாட மாத்திரையும் அத்தகைய கயிறே. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அதற்குரிய காரணத்தைப் பற்றிக்கொள்வது அடியானின் கடமை. அதனால் தவக்குல் குறைவதில்லை.

ரமளானில் என் செய்வது? மெசலமைனைப் பலர் நாளுக்கு ஒரே வேளையாக உண்ண இயலும். எனவே ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, சஹரிலோ இஃப்தாரிலோ உண்ணும் வகையில் வேளையை அமைத்துக் கொள்ளுங்கள். நோய் சீறியெழுந்த வேளையிலோ, திருமறையின் 2ஆம் அத்தியாயம் 184, 185ஆம் வசனங்கள் நோன்பைப் பிறகு நோற்க இடமளிக்கின்றன. இறைவன் தந்த சலுகையைப் பணிவுடன் ஏற்பதும் வழிபாடே.

இன்னும் சில எச்சரிக்கைகள்: நோய் முற்றும்போது தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது, மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம். அவற்றுட் சில நோயைக் கிளப்பிவிடும். மெசலமைன் உண்போர் சிறுநீரகத்திற்கான இரத்தப் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற சகோதரிகள் அச்சத்தால் தாமே மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கலந்து கொள்க. குழந்தைப் பேற்றை நாடும் ஆண்கள், சல்ஃபாசலசின் உண்பதாயின் அதைத் தெரிவிக்க வேண்டும். அது விந்தணுக்களைத் தற்காலிகமாகக் குறைக்கக் கூடும்.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். வலிக்கும்போது மட்டுமன்றி, நலமாக இருக்கும்போதும் அதைப் பேணுவோமாக. நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.