மறைத்த படையும் மாறிய மனமும்

வணங்கக் குவித்த கைகளுக்குள்ளும் கொலைக்கருவி ஒளிந்திருக்கக் கூடும் என்று 'கூடா நட்பு' அதிகாரத்தில் எச்சரிக்கிறார் வள்ளுவர். கண்ணுக்குத் தெரியும் படையினும் தெரியாத படையே அஞ்சத்தக்கது என்னும் இவ்வெண்ணம் ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரியதன்று. துப்பாக்கியைத் தம் பிறப்புரிமையெனப் போற்றும் அமெரிக்கரும் ஒருகாலத்தில் இவ்வாறே எண்ணினர்.

ஆயுதம் தாங்கும் உரிமையைக் கூறும் இரண்டாம் திருத்தம் 1791இல் அந்நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற்றது. எனினும் 1813இலேயே கெண்டக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் ஆயுதத்தை மறைத்துச் செல்வதைச் சட்டத்தால் தடுத்தன. வெளிப்பட ஏந்துவது ஆண்மை, ஆடைக்குள் ஒளிப்பது வஞ்சகம் என்பதே அந்நாளில் பலர் கொண்ட கருத்தாகும்.

இன்று அக்கருத்துத் தலைகீழாகிவிட்டது. குறித்த தகுதிகள் உடையார்க்கு உரிமம் மறுக்கலாகாது என்று 1987இல் ஃபுளோரிடா சட்டம் செய்தது. பல மாநிலங்கள் அவ்வழிச் சென்றன. வயது வந்தோருள் பெரும்பாலோர் உரிமமே இன்றிக் கைத்துப்பாக்கியை மறைத்துச் செல்லலாம் என்னும் நிலை 2024ஆம் ஆண்டிற்குள் 29 மாநிலங்களில் ஏற்பட்டது. தனித்த காரணம் காட்டுவோர்க்கே உரிமம் என்றிருந்த நியூயார்க் மாநிலச் சட்டத்தையும் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் செல்லாதென்றது.

காவலர் எங்கும் எப்போதும் துணைநிற்க இயலாது. தனித்துச் செல்லும் பெண்ணும் முதியவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டாவா என வினவுவர் ஆதரிப்போர். கண நேரச் சினம் கொலையில் முடியுமே என்பர் எதிர்ப்போர். இருவர் கூற்றிலும் பொருள் உண்டு. ஆயினும், 'ஆயுதம் தாங்கிய நல்ல குடிமகன்' என்று ஒருவனை அடையாளம் காண்பவர் யார் என்னும் வினாவை எழுப்பாமல் இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது.

வரலாறு இதற்கு விடை தருகிறது. 1956இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இல்லத்தின்மீது குண்டு வீசப்பட்டது. அறநெறிப் போராளியாகிய அவரே அன்று துப்பாக்கியை மறைத்துச் செல்ல உரிமம் வேண்டி விண்ணப்பித்தார். அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டனர். அவரினும் தக்க காரணம் உடையார் எவர்? அதிகாரியின் விருப்பத்திற்கு விடப்பட்ட உரிமம், விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன் விண்ணப்பித்தவரின் நிறத்தைப் பார்த்தது.

அவ்வாறாயின் உரிமத்தைத் தாராளமாக வழங்கிவிட்டால் குறை நீங்குமோ? நீங்கவில்லை. 2016 ஜூலையில் மினசோட்டா மாநிலத்தில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்னும் கறுப்பின இளைஞரின் வண்டியைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். பள்ளி உணவுக்கூடத்தில் பணியாற்றிய அவர் முறையான உரிமம் உடையவர். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே பணிவுடன் கூறினார். அடுத்த சில நொடிகளில் ஏழு குண்டுகள் பாய்ந்தன. அதே வண்டியில் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தது. வழக்கு விசாரணைக்குப் பின் 2017இல் அக்காவலர் விடுவிக்கப்பட்டார்.

அலுவலக மேசையில் அமர்ந்திருந்த பாகுபாடு தெருவிற்கு இறங்கிவந்தது என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை. மேசையில் அதன் விலை ஒரு மறுப்பு. தெருவில் அதன் விலை ஓர் உயிர். எவனும் ஆயுதம் மறைத்திருக்கலாம் என்னும் நிலை வரும்போது எதிர்ப்படுவோனை அளக்க முகத்தையன்றி வேறு சான்றில்லை. முகம் பார்த்து எழும் ஐயமோ எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை; ஏற்கெனவே ஐயுறப்படுவோர்மீதே விழுகிறது.

உரிமத்திற்குரிய தகுதியைச் சட்டமே வரையறுத்தல் வேண்டும். அதிகாரியின் விருப்பத்திற்கு விடலாகாது. பயிற்சியும் நன்னடத்தைச் சான்றும் அனைவர்க்கும் ஒன்றாய் அமைதல் வேண்டும். உரிமம் தேவையில்லை என்று அவற்றையும் கைவிடுவது அச்சத்தைப் பெருக்குமேயன்றிப் பாதுகாப்பைப் பெருக்காது. ஓர் உரிமையின் தரத்தை அதனால் மிகுதியும் பயன்பெறுவோனைக் கொண்டு அளத்தல் முறையன்று. சமுதாயம் எவனை மிகக் குறைவாக நம்புகிறதோ, அவன் அதனைத் துய்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடிகிறதா என்பதே உரைகல். அவ்வுரைகல்லில் தேறாத வரை, அதனைச் சலுகை எனலாம். உரிமை எனல் பொருந்தாது.