உதகையில் குடிக்கூலி

உதகமண்டலத்தில் உத்தியோகம் கிடைத்ததென்று சொல்லும் வாலிபனைக் கண்டு சமவெளியிலுள்ளோர் பொறாமை கொள்வது வழக்கம். கோடையில் வெந்து மடியும் ஊர்க்காரருக்கு அது இயற்கையே. ஆனால் அவனுக்கு அங்கே ஜாகை கிடைத்ததா, கிடைத்ததாயின் சம்பளத்தில் எத்தனை பங்கு குடிக்கூலிக்குப் போகிறது என்று விசாரிப்பவர் அரியர். அதை விசாரிப்பதே இன்று நமது நோக்கம்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,300 அடி உயரத்திலுள்ள இந்நகரத்தில் 2011-ஆம் ஆண்டின் ஜனக்கணிதப்படி 88,430 பேர் வசித்தனர். சித்திரையும் வைகாசியும் வந்துவிட்டால் இவ்வூர் பல மடங்கு ஜனங்களைத் தாங்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குச் சோறு சமைப்பவர், துணி வெளுப்பவர், பஸ் ஓட்டுபவர், தெருக் கூட்டுபவர், தாவர இயல் பூங்காவில் பாத்தி கட்டுபவர், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் விழித்திருக்கும் நர்ஸுகள் ஆகிய எல்லோரும் எங்கே படுத்துறங்குகிறார்கள்? காந்தல் போன்ற நெருக்கமான பேட்டைகளில் ஓர் அறையில் ஒரு குடும்பமாக வாழ்வோர் பலர். ஏனையோர் கேத்தியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் பனியில் நடுங்கிக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். மாலையில் மழை பிடித்து வழியில் மரம் விழுந்துவிட்டால், அன்றிரவு அவர்கள் வீடு சேர்வது தெய்வச் செயல்.

வீடுகள் இல்லாமலில்லை. அவை குடியிருப்பவனுக்கு இல்லை என்பதே விஷயம். உதாரணத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு அறையுள்ள சிறு வீட்டை ஒரு பள்ளி உபாத்தியாயருக்கு மாதம் 8,000 ரூபாய்க்கு விடலாம் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டுக்கு மெத்தையும் கம்பளியும் வாங்கிப்போட்டு, வாயிலில் 'காட்டேஜ்' என்று பலகை தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 2,000 ரூபாய் கேட்டால், மாதத்தில் பத்து நாள் ஆள் வந்தாலே 20,000 ரூபாய். இருபது நாள் வீடு சும்மா கிடந்தாலும் வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை. செல்போனிலேயே அறை பிடிக்கும் வசதி வந்தபின் தரகர் கூடத் தேவையில்லை. இந்த நிலைமையில் உபாத்தியாயருக்கு வீடு விடுபவர் தர்மவானாக இருக்க வேண்டும். அல்லது கணக்குத் தெரியாதவராக இருக்க வேண்டும். தர்மவான்களை நம்பி ஒரு நகரத்தின் நிர்வாகத்தை நடத்த முடியாது.

இன்னொரு வகை வீடுகளும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் உள்ள செல்வர்கள் வாங்கிப்போட்டு, ஆண்டில் பதினைந்து நாள் திறந்து, மற்ற நாட்களில் காவற்காரன் பொறுப்பில் பூட்டி வைக்கும் வீடுகள் அவை. அந்தக் காவற்காரன் வாசற்புறத்துத் தகரக் கொட்டகையில் கிடக்க, எட்டு அறைகள் உள்ளே இருளடைந்து கிடக்கும். இதைவிடப் பொருத்தமான சித்திரம் நமது வாதத்துக்கு வேண்டியதில்லை.

இவ்வூர் பிறந்த விதமே இப்படித்தான். 1820-களில் ஜான் ஸல்லிவன் துரை தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் கல் பங்களா கட்டினார். அது இன்று அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் நிற்கிறது. பின்னர் வெள்ளையர் ஆட்சியில் மாகாணச் சர்க்கார் கோடைதோறும் தஸ்தாவேஜுகளுடன் மலையேறிற்று. 1908-இல் ரயிலும் உதகைக்கு வந்து சேர்ந்தது. ஊர் வருவோருக்காக நிர்மாணிக்கப்பட்டதேயன்றி இருப்போருக்காக அன்று. துரைமார் போய்ப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும், பங்களா விருந்தினருக்கு, பின்கட்டு வேலைக்காரருக்கு என்னும் அந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லையே என்பது நம் வருத்தம்.

“புதிய வீடுகளைக் கட்டிவிட்டால் போயிற்று” என்பார் சிலர். சமவெளிக்குப் பொருந்தும் இந்த யோசனை மலைக்கு அப்படியே பொருந்தாது. 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் நீலகிரியின் சரிவுகள் பெயர்ந்து விழுந்து 40-க்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்தவர்களே அவ்வாறு பேச முடியும். மலைநகரங்களுக்கென 1993-இல் ஏற்பட்ட கட்டிட விதிகள் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் எழுப்பக் கூடாதென்கின்றன. இவ்விதிகளைத் தளர்த்த வேண்டுமென்று நாம் ஒருபோதும் கேட்க மாட்டோம். நிலம் குறைவு, உயரமும் குறைவு என்றால், கட்டியிருக்கும் வீட்டை யார் எதற்காக உபயோகிக்கிறார் என்பதல்லவா முதற் கேள்வியாக வேண்டும்? குடியிருப்பென்று அனுமதி வாங்கி விடுதியாக நடத்துபவர்மேல் உத்தியோகஸ்தர்கள் அவ்வப்போது சீல் வைப்பதும், சில நாளில் பேச்சு அடங்கிப்போவதும் ஊரறிந்த சங்கதி.

சட்டம் என்ன சொல்லுகிறது? யுத்த முடிவில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், 1946-இல், சென்னை மாகாணத்தில் குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியில் வந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடித்தனக்காரர் அதிகாரியிடம் மனுச்செய்து நியாயமான வாடகையை நிர்ணயிக்கச் சொல்லலாம். அச்சட்டத்தை நீக்கிவிட்டு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்கவேண்டும், அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பன நல்ல அம்சங்களே. மூன்று மாத வாடகையே முன்பணத்துக்கு அளவு என்ற பொதுவிதியும் வரவேற்கத் தக்கது. ஆனால் வாடகைத் தொகையை அது இரு தரப்பாரின் உடன்பாட்டுக்கே விட்டுவிட்டது. வீடு பத்து, கேட்பவர் நூறு என்னும் ஊரில் உடன்பாடு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பழைய சட்டத்தால் வீட்டுக்காரர்கள் பட்ட தொல்லைகளை நாம் மறுக்கவில்லை; முப்பது வருஷம் ஒரே வாடகை கொடுத்துவந்த சாமர்த்தியசாலிகளையும் அறிவோம். ஆயினும் சென்னைக்கும் உதகைக்கும் ஒரே அளவுகோல் போதுமென்று எண்ணியது பிழை.

கனடா தேசத்தில் ராக்கி மலைகளுக்கு நடுவே பான்ஃப் என்றொரு சிற்றூர் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் அமைந்திருப்பதால் நிலம் அரசாங்கத்துடையது. வீட்டுமனை குத்தகைக்கே விடப்படும். அவ்வூரில் தொழில் செய்பவர், வேலை பார்ப்பவர், அங்கு உழைத்து ஓய்வு பெற்றவர், அவர்களுடைய குடும்பத்தார் முதலியோரே அவ்வீடுகளில் வசிக்கலாமென்று விதி. வெளியூர்ச் செல்வர் விடுமுறைக்கு வாங்கிப் பூட்டிவைக்க வழியில்லை. அதே தேசத்து விஸ்லர் நகரம், தன் ஊழியர்களில் நூற்றுக்கு 75 பேராவது ஊருக்குள்ளேயே வசிக்க வேண்டுமென்று இலக்கு வைத்து, 1997-இல் அதற்கென ஒரு வீட்டு வசதி ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. அங்கும் குடிக்கூலிக் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இது பொதுக் காரியம், சர்க்கார் கணக்கிட்டுச் செய்யவேண்டிய காரியம் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

கணக்கெடுப்பது முடியாத காரியமென்று இங்கே சொல்வதற்கில்லை. சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் ஏற்பட்டது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதித்தார்கள். வருகின்ற வண்டியை ஒவ்வொன்றாக எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, நகர எல்லைக்குள் எத்தனை வீடுகள் வாடகைக்கு உள்ளன, எத்தனை விருந்தினருக்கு விடப்படுகின்றன, எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று எண்ணத் தெரியாதா? வீட்டுவரிப் புஸ்தகத்தையும் மின்சாரக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மாதத்தில் விஷயம் வெளியாகிவிடும்.

இரண்டறையில் ஒன்றைப் பிரயாணிகளுக்கு விட்டுப் பிழைக்கும் விதவையின் வயிற்றில் அடிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயமன்று. தான் வசிக்கும் வீட்டின் ஒரு பகுதியை விடுபவர் வேறு. பத்து வீடுகளை வாங்கி விடுதியாக்கி வெளியூரிலிருந்து பணம் எண்ணுபவர் வேறு. பின்னவருக்கு அனுமதியும் தனி வரியும் வேண்டும். அவ்வரி ஊழியர் குடியிருப்புக்கே செலவாக வேண்டும்.

ஹோட்டல் முதலாளிகளே தம் சிப்பந்திகளுக்கு இடம் தரட்டுமே என்று கேட்கலாம். தரட்டும், ஆனால் அது மட்டும் போதாது. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இம்மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த நம் சகோதரர்களைக் கேட்டால், லயன் வீட்டின் தன்மையைச் சொல்லுவார்கள். வேலை உள்ளவரை வீடு. வேலை போன அன்றே வீடும் போகும். ஆகையால் நகராட்சியோ வீட்டுவசதி வாரியமோ நடத்தும் வாடகைக் குடியிருப்புகள் அவசியம்.

2022-இல் உதகைக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. மாணவரும் வைத்தியரும் நர்ஸுகளும் சிப்பந்திகளுமாகப் பெருங்கூட்டம் அதே சில வீடுகளுக்குப் போட்டியிட நேர்ந்திருக்கிறது. பெரிய ஸ்தாபனம் ஒன்றை மலைமேல் ஏற்றும்போதே அதன் கடைநிலைச் சிப்பந்திக்குமான வீட்டையும் திட்டத்தில் சேர்ப்பதை இனியேனும் விதியாக்க வேண்டும். வீடுகளின் கணக்கையோ, அடுத்த மலர்க் கண்காட்சிக்கு முன்பே எடுத்து, பேட்டை வாரியாக, நகராட்சி அலுவலக வாசலில் ஜனங்கள் படிக்கும்படி ஒட்டட்டும்.