ஓர்க்குகளைப் படைத்தது யார்?

இந்த நூற்றாண்டின் தலைசிறந்த நூல் எது என்று 1996-97இல் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளும் சேனல் 4 தொலைக்காட்சியும் வாசகர்களைக் கேட்டன. 25,000 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். முதலிடம் ஜே.ஆர்.ஆர். டோல்கினின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. தன் கெட்ட கனவு பலித்துவிட்டதாக எழுதினார் விமர்சகர் ஜெர்மேன் கிரீர். 2003இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பிலும் அதே நூல்தான் முன்னால் வந்தது.

இந்தப் பிணக்கு நாவல் வெளிவந்த காலத்திலேயே தொடங்கியது. கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் அதைக் கொண்டாடினார். விமர்சகர் எட்மண்ட் வில்சனோ 1956இல் 'தி நேஷன்' இதழில், பிள்ளைக்கதை ஒன்று மிதமிஞ்சி வளர்ந்துவிட்டது என்று ஒதுக்கினார். 1961இல் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் தன் நண்பர் டோல்கினின் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார். கதைசொல்லலில் தரமில்லை என்று ஸ்வீடிஷ் அகாதெமி தள்ளிவிட்டது.

டோல்கின் எழுதியது போன்ற மிகைபுனைவைப் படிப்பவர் மயக்கத்தில் படிக்கிறார் என்ற எண்ணம் இந்த ஒதுக்கலுக்கு அடியில் இருக்கிறது. உண்மை நேர்மாறானது. 1954இல் ஆக்ஸ்ஃபோர்டில் கத்தோலிக்கப் புத்தகக் கடை ஒன்றைக் கவனித்துவந்த வாசகர் ஒருவர் டோல்கினுக்குக் கடிதம் எழுதினார். இருளின் தலைவன் ஓர்க்குகள் என்னும் கொடிய பிறவிகளைப் படைத்தான் என்று நாவலில் ஒரு பாத்திரம் சொல்கிறதே, தீமையால் எதையும் படைக்க முடியுமா என்று கேட்டார். வில்சனின் கட்டுரை முழுவதிலும் இவ்வளவு கூரான கேள்வி ஒன்றுகூட இல்லை. டோல்கின் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். பிறகு, தன்னைத் தானே பெரிதாக எண்ணிக்கொள்வதாகத் தோன்றியதால் அதை அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

கற்பனை உலகத்துக்கும் சட்டம் உண்டு. அது மீறப்படும் கணத்தில் வாசகரின் நம்பிக்கை அறுந்துவிடும். 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் டோல்கின் வற்புறுத்தியது இதைத்தான். தன் நூலிலும் அவர் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்'டில் கோலம் என்ற பாத்திரம் விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மந்திர மோதிரத்தைத் தந்துவிடச் சம்மதிக்கிறது. பின்னால் எழுதிய பெருநாவலில் அந்த மோதிரத்தை மனமுவந்து விட்டுக்கொடுப்பது ஏறக்குறைய யாராலும் முடியாத செயல். எனவே 1951 பதிப்பில் அந்த அத்தியாயமே மாற்றி எழுதப்பட்டது.

பெருவாரியானவர்கள் விரும்புவதாலேயே ஒரு நாவல் நல்லதாகிவிடாது. அர்சுலா லெ குவின் மிகைபுனைவுக்குள் வாழ்ந்தவர். அதனால்தான் அவருடைய கண்டிப்பு மதிக்கத்தக்கது. 1973இல் எழுதிய கட்டுரையில், ஒரு மிகைபுனைவு நாவலின் உரையாடலை எடுத்துச் சில பெயர்களை மட்டும் மாற்றிக் காட்டினார். மந்திர நாட்டுப் பிரபுக்கள் அமெரிக்க அரசியல்வாதிகளாகிவிட்டார்கள். வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நடையில் அந்த உலகம் இல்லையென்றால் டிராகன் வந்தும் பயனில்லை என்பது அவர் கட்சி.

நம் தமிழ்ச் சிற்றிதழ் மரபும் 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' தொட்டே வெகுஜன எழுத்திலிருந்து விலகி நின்றது. அந்த விலகலுக்குத் தேவை இருந்தது. அதனால் நமக்குக் கிடைத்த கவிதைகளும் விமர்சனமும் ஏராளம். ஆனால் 'என் இனிய இயந்திரா' என்ற அறிவியல் புனைகதையைத் தொடராகப் படித்து, அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவுக்காக வாரா வாரம் காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நாம் கேட்டுப் பதிவுசெய்யவில்லை. அது இழப்புதான்.

வாசகர் கருத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரேய்னர் அன்வின் சாட்சி. டோல்கினின் பதிப்பாளருடைய மகனான அவர் பத்து வயதில் 'தி ஹாபிட்' கைப்பிரதியைப் படித்து, ஒரு ஷில்லிங் ஊதியத்துக்குக் கருத்து எழுதித் தந்தார்; நூல் அச்சேறியது. வளர்ந்தபின் அவர்தான், ஆயிரம் பவுண்டு நட்டம் வரலாம் என்று தந்தையிடம் சொல்லிக்கொண்டே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஸைக் கொண்டுவந்தார்.

அடுத்த இதழிலிருந்து மிகைபுனைவு, துப்பறியும் கதை, தொடர்கதை பற்றிய வாசகர் கட்டுரைகளுக்கு இங்கே இடம் உண்டு. 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' மட்டும் போதாது. எந்தப் பக்கத்தில் கதையை நம்பத் தொடங்கினீர்கள், எந்தப் பக்கத்தில் நம்பிக்கை விட்டுப்போனது, அந்தப் பக்கத்தில் ஆசிரியர் செய்தது என்ன என்று எழுதுங்கள்.