முதல் மடக்குக் கத்தி

சம்பளம் வாங்கியதும் நல்லதொரு மடக்குக் கத்தி வாங்க ஆசைப்படும் தம்பிமார்களே, கடைக்குப் போகுமுன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் மின்னுவதைக் கண்டு மயங்காதீர்கள். கையில் வாங்கி விரித்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். விரித்த அலகு பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் கயிறு அறுக்கும்போது மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். பிரான்சில் 1890-இல் தோன்றிய ஓப்பினல் கத்திக்கே 1955-இல்தான் பூட்டு வளையம் வந்தது!

கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம். ஆனால் அன்னாசி நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் கறுத்துவிடும். நம் ஊர் மழைக்கும் வியர்வைக்கும் துருவும் ஏறும். முதல் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகே நல்லது. அலகு மூன்று அங்குலம் போதும். மரம் சீவத்தான் உளி இருக்கிறதே!

விசையை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தியை மட்டும் தொடாதீர்கள். மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விற்பனையைத் தடை செய்கிறது. சாதாரணக் கத்தியானாலும், தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருந்து போலீசாரிடம் சிக்கினால் சிறைவரை போக நேரிடலாம். “பழம் நறுக்கத்தான் வைத்திருந்தேன்” என்று இரவு பத்து மணிக்குப் பட்டணத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? வேலைக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். திருவிழாவுக்கோ படத்துக்கோ கிளம்பும் நாளில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.